மண்ணில் நின்ற கடன்

நெற்குப்பை என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டதும் வெளியூரார் சிலருக்குச் சிரிப்பு வருவதுண்டு. இன்றைய வழக்கில் குப்பை என்றால் கழிவு, வீசியெறியத் தக்கது. பழந்தமிழிலோ குப்பை என்பது குவியல். களத்தில் அடித்துத் தூற்றிய நெல்லைக் குவித்து வைத்தால் அது நெற்குப்பை. வளத்தைச் சொல்லும் பெயர். சாணமும் சாம்பலும் இலைதழையும் குவிந்த எருக்குழியையும் நம் முன்னோர் அதே சொல்லால்தான் அழைத்தனர். அந்தக் குப்பை வயலுக்குப் போயிற்று. வயலிலிருந்து நெல்லாகத் திரும்பி வந்தது. சொல்லின் பொருள் எந்தக் காலத்தில் தாழ்ந்தது என்பதை மொழியறிஞர் ஆராயட்டும். மக்காத குப்பை, மண்ணுக்குத் திரும்பாத குப்பை என்ற ஒன்றை அந்நாளைய உழவர் அறிந்திருக்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பை, நகரத்தார் ஊர்களுள் ஒன்று. நாடு நாடாகச் சென்று பயண நூல்களும், தமிழக மாவட்டங்களைப் பற்றிய நூல்களும் எழுதிக் குவித்த சோமலெ 1921-ஆம் ஆண்டு பிறந்தது இவ்வூரில்தான். ஊர் சிறிது, அதன் மக்கள் அறிந்திருந்த உலகமோ பெரிது. கடல் கடந்து தொழில் செய்யப் புறப்படுவதைச் செட்டிநாட்டார் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்பர். இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், மேடான், சைகோன் என்ற பெயர்கள் இவ்வட்டாரத்துப் பெண்களுக்கும் முதியோருக்கும் மதுரை, திருச்சி போலப் பழகிய பெயர்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் மூன்றாண்டுத் தவணைக்கு ஆள் அனுப்பி, கிட்டங்கிகளில் கணக்கு எழுதி, பற்றும் வரவும் காசு பிசகாமல் நேர்செய்த மரபு அது. பர்மியத் தேக்கு தூண்களாகி நிற்கும் வீடுகளை இன்றும் காண்கிறோம்.

அந்த வரலாற்றில் பர்மாவைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. 1942-ஆம் ஆண்டு ஜப்பானியப் படை நெருங்கியபோது மலையும் காடும் கடந்து நடந்தே வந்தவர்களின் துயரம் தமிழர் பலரும் கேட்டறிந்தது. பின்வாங்கிய ஆங்கிலேயர் சிரியத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் ஏனாஞ்சாவுங் எண்ணெய்க் கிணறுகளுக்கும் தாமே தீவைத்தனர். இரங்கூன் வானத்தைக் கரும்புகை மூடிற்று. அந்தப் புகை கலைந்துவிட்டது. நாம் இங்கே சொல்ல வந்தது கலையாத ஒன்றைப் பற்றி. அது பர்மாவில் நிகழவில்லை, சைகோனில் நிகழ்ந்தது.

பிரெஞ்சுக்காரர் கொச்சின்சீனா என்றழைத்த தென்வியட்நாமுக்கு இருவகைத் தமிழர் சென்றனர். ஒருவகையினர் நகரத்தார். மேகோங் ஆற்றுப் படுகையில் காடு திருத்தி நெல் விளைவித்த நிலவுடைமையாளருக்குக் கடன் கொடுத்தனர். சைகோனில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சரிந்தபோது அடமானத்தில் மூழ்கிய நிலங்களால் அவர்கள் மேல் எழுந்த கசப்பும் வரலாற்றில் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. மற்றொரு வகையினர் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து சென்ற பிரெஞ்சுக் குடிகள். 1881-ஆம் ஆண்டு அரசாணையின்படி தம் சாதி, சமய வழிப்பட்ட தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள். அவர்களுள் கத்தோலிக்கர் மிகப் பலர். சுங்கச் சாவடியிலும் காவல் துறையிலும் வரி அலுவலகத்திலும் எழுத்தராகவும் சேவகராகவும் பணிபுரிந்தனர். கோயிலுக்குப் போனவரும் ஆலயத்துக்குப் போனவரும் ஒரே கப்பலில் சென்று ஒரே துறையில் இறங்கினர்.

அந்தக் கப்பல்கள் சென்ற வழியை வாசகர்கள் சற்று மனக்கண்ணில் காண வேண்டும். சைகோன் கடற்கரை நகரமன்று. கடலிலிருந்து ஆற்றுக் கால்வாய்கள் வழியே நெடுந்தூரம் உள்ளே செல்ல வேண்டும். இருபுறமும் அலையாத்திக் காடு. நம் பிச்சாவரத்தில் உப்பங்கழியின் ஓரம் முட்டுவேர்களை ஊன்றி நிற்கும் சுரபுன்னையின் உறவு மரங்களே அங்கும். பிச்சாவரத்தைப் போல் பல மடங்கு பரந்த அக்காட்டுக்கு ருங் சாத் என்று பெயர். மீனும் நண்டும் விறகும் கரியும் தந்து கரையோர ஏழைகளை வாழவைத்த காடு. செட்டிநாட்டின் வறண்ட செம்மண்ணிலிருந்து புறப்பட்டுப் போன ஓர் இளைஞனுக்கு அந்த நீர்க்காடுதான் அந்நாட்டின் முதற்காட்சியாக இருந்திருக்கும். அக்காடு அவன் பேரன் காலத்தில் சாம்பல் நிறமாகிச் செத்தது.

பகைவனின் மண்ணைக் கெடுப்பது போரின் பழைய வேலைகளுள் ஒன்று. சங்ககால வேந்தர் பகைவரின் காவல்மரத்தை வெட்டினர். வென்ற ஊரைக் கழுதை பூட்டிய ஏரால் உழுது, வரகும் கொள்ளும் விதைத்தனர் என்று புறப்பாடல்கள் பெருமையாகவே கூறும். புலவர்கள் அதைப் பாடிப் பரிசிலும் பெற்றனர். உரோமானியர் கார்த்தேசு நகரை அழித்து உப்பை விதைத்தனர் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பண்டைய ஆசிரியர் எவரும் அவ்வாறு எழுதவில்லை, அது பிற்காலத்தார் சேர்த்த கதை. விவிலியத்திலோ இரண்டு குரல்களும் உள்ளன. நகரை முற்றுகையிடும்போது கனிமரங்களை வெட்டலாகாது என்று இணைச்சட்ட நூலின் இருபதாம் அதிகாரம் விலக்குகிறது. மோவாபியருக்கு எதிரான போரிலோ நல்ல மரங்களை வீழ்த்தவும் ஊற்றுகளைத் தூர்க்கவும் விளைநிலத்தைக் கற்களால் கெடுக்கவும் எலிசாவின் வாய்மொழி இடம் தருகிறது. மனிதர் சட்டத்தை ஏட்டில் வைத்துக்கொண்டே அதை மீறியும் வந்தனர் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இவற்றிலெல்லாம் ஓர் எல்லை இருந்தது. கழுதை உழுத நிலத்திலும் அடுத்த மழைக்குப் புல் முளைக்கும். கற்களைப் பொறுக்கி எறியலாம். வெட்டிய மரத்தின் தூர் துளிர்க்கும். மண் மறந்துவிடும், ஆதலால் மனிதரும் மறந்தனர். இருபதாம் நூற்றாண்டின் வேதியியல்தான் மண்ணை மறக்கவிடாமல் செய்தது.

முதல் அறிகுறி ஐரோப்பாவில் தெரிந்தது. 1915 ஏப்ரல் 22 அன்று இப்ரு நகரருகே செருமானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டனர்; பின் இரு தரப்பாரும் நச்சுக் குண்டுகளை வீசினர். போர் முடிந்தபின் வெர்டன் வட்டாரத்தில் வெடிக்காமல் எஞ்சிய நச்சுக் குண்டுகளை 1920-களில் காட்டுக்குள் ஓரிடத்தில் குவித்து எரித்தனர். ஏறத்தாழ 2 இலட்சம் குண்டுகள் என்று கணக்கு. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே மண்ணை ஆராய்ந்த செருமானிய அறிஞர்கள் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவின்படி, சில இடங்களில் மண்ணின் எடையில் நூற்றுக்குப் பதினேழு பங்குவரை ஆர்செனிக், அதாவது பாடாணம். புல் முளைக்காத ஒரு வட்டம் காட்டின் நடுவே கிடந்தது. அரசர்கள் செத்தார்கள், பேரரசுகள் கவிழ்ந்தன, அந்த வட்டம் மட்டும் ஆறவில்லை.

இரண்டாம் உலகப் போரின் வேதியியலில் நன்மையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நடுவுநிலை தவறியவர்களாவோம். 1943–44 குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் நகரில் பரவிய டைபஸ் காய்ச்சலை டி.டி.டி. தூள் அடக்கிற்று. போர் முடிந்ததும் அதே தூள் நம் ஊர்களுக்கு வந்தது. 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வீட்டுச் சுவர்களில் வெண்படலமாக அடிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேரை வாட்டிய காய்ச்சல் 1965-ஆம் ஆண்டளவில் ஓர் இலட்சமாகக் குறைந்தது என்றால் எத்தனை தாய்மாரின் கண்ணீர் துடைக்கப்பட்டது என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தூள் மக்கவில்லை. நீரில் கரையாமல், கொழுப்பில் கரைந்து, பூச்சியிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து பறவைக்கும் பசுவின் பாலுக்கும் தாய்ப்பாலுக்கும் ஏறிற்று. இந்த இயல்பை நினைவில் வைத்தால் இனிச் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

அதே போர்க்காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கமுக்கமாக மற்றொரு வகை வேதிப்பொருளும் உருவாயிற்று. செடியின் வளர்ச்சியைத் தூண்டும் இயற்கைச் சாற்றைப் போன்ற செயற்கைப் பொருள்கள் அவை: 2,4-டி என்றும் 2,4,5-டி என்றும் பெயர். சிறிதளவு கொடுத்தால் வளர்ச்சி. மிகுதியாகக் கொடுத்தால் செடி தறிகெட்டு வளர்ந்து, வெதும்பி, இலையுதிர்ந்து மாளும். ஜப்பானின் நெல்வயல்கள் மேல் இத்தகைய பொருளைத் தூவலாம் என்று திட்டமிட்டவர்கள் இருந்தனர். அதற்குள் அணுகுண்டு போரை முடித்துவிட்டது.

முதன்முதலாக இதைப் போரில் பயன்படுத்தியது அமெரிக்கரல்லர், மலாயாவை ஆண்ட ஆங்கிலேயர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரநிலைக் காலத்தில் பொதுவுடைமைக் கெரில்லாக்கள் பதுங்கிய சாலையோரப் புதர்கள் மேலும், காட்டுக்குள் அவர்கள் வைத்த மரவள்ளி, காய்கறித் தோட்டங்கள் மேலும் 1950-களின் தொடக்கத்தில் களைக்கொல்லிகளைத் தெளித்துப் பார்த்தனர். அந்தச் சாலைகளின் இருமருங்கும் ரப்பர்த் தோட்டங்கள். தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர். பல தோட்டங்களின் உடைமையாளர் நகரத்தார். அதே ஆண்டுகளில் அதே 2,4,5-டி ரப்பர் மரத்தின் சீவிய பட்டையில் எண்ணெயோடு குழைத்துத் தடவப்பட்டது, பால் மிகுதியாக வடிய வேண்டுமென்று. தடவிய கை யாருடைய கை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பாதிப்பு எவ்வளவு என்று அக்காலத்தில் எவரும் அளந்து பார்க்கவில்லை. கூலிக்காரர் உடம்பை அளக்கும் வழக்கம் இல்லை.

மலாயாவில் நடந்தது சிறு சோதனைதான். ஆனால் 1961 நவம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், இலையுதிர்ப்பு மருந்து தெளிப்பது அனைத்துலகச் சட்டத்துக்கு முரணன்று என்று அதிபர் கென்னடிக்கு எழுதியபோது, ஆங்கிலேயர் மலாயாவில் செய்ததையே முன்மாதிரியாகக் காட்டினார். அம்மாத இறுதியில் கென்னடி இசைந்தார். கென்னடி கத்தோலிக்கர், அந்நாளில் தென்வியட்நாமை ஆண்ட நோ தின் தியேமும் கத்தோலிக்கர். நமக்குப் பெருமையாகச் சொல்லப்பட்ட பெயர்கள் இவை. வரலாறு எழுதுவோர் பெருமைக்கு ஒரு ஏடும் சிறுமைக்கு ஒரு ஏடும் வைத்துக்கொள்ள முடியாது.

1962 சனவரியில் தொடங்கி 1971 சனவரி வரை ஒன்பது ஆண்டுகள் தெளித்தனர். பொருள்களுக்கு வேதியியல் பெயர் சொல்லாமல், பீப்பாயின் வயிற்றில் பூசிய வண்ணப் பட்டையால் பெயரிட்டனர்: ஊதா, இளஞ்சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம், ஆரஞ்சு. நீலம் ஆர்செனிக் கலந்தது. நெற்பயிரை அழிப்பதற்கென்றே தெரிந்தெடுக்கப்பட்டது. நெல் உண்ணும் மக்களாகிய நமக்கு இந்தச் செய்தி ஒன்றே போதும். எல்லாவற்றிலும் மிகுதியாகக் கொட்டப்பட்டது ஆரஞ்சு. 2,4-டியும் 2,4,5-டியும் பாதிக்குப் பாதி கலந்த எண்ணெய். விமானம் ஏறக்குறைய நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில் தாழப் பறந்து, 3,800 லிட்டர் கொள்ளும் தொட்டியை நான்கே நிமிடங்களில் காலி செய்யும். காற்று அடித்த பக்கமெல்லாம் நுண்துளிகள் பரவும். பகைவனின் காடு எது, குடியானவனின் கத்தரித் தோட்டம் எது என்று காற்றுக்குத் தெரியாது.

மொத்தம் ஏழு கோடி லிட்டருக்கு மேல். தென்வியட்நாமின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மிகுதி. இராணுவத்தின் சொந்தப் பறப்புப் பதிவுகளையே துருவி ஆராய்ந்து 2003-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் ஸ்டெல்மன் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, தெளிக்கப்பட்ட சிற்றூர்களில் அப்போது வாழ்ந்தோர் 21 இலட்சம் முதல் 48 இலட்சம் வரை இருக்கலாம் என்றது. மலைக்காடுகள் ஒருமுறை தெளிப்பதைத் தாங்கின. மீண்டும் மீண்டும் தெளித்தபோதுதான் செத்தன. அலையாத்தி மரங்களோ ஒரே தெளிப்பில் மாண்டன. ருங் சாத் காட்டினூடே சைகோனுக்குச் சென்ற கப்பல்களைக் கெரில்லாக்கள் தாக்கினர் என்பதற்காக, கப்பல் வழியின் இருமருங்கும் அழிக்கப்பட்டது. ஒருகாலத்தில் கொண்டுவிக்கப் போனவர்கள் கண்ட அதே வழி.

அந்தக் காடு திரும்பி வந்தது என்பதையும் உடனே சொல்லிவிடுவோம். 1978 முதல் வியட்நாமிய மக்கள் தெற்கு முனையிலுள்ள கா மாவிலிருந்து முளைவிதைகளைப் படகில் கொண்டுவந்து சேற்றில் கையால் ஊன்றினர். கான் ஜியோ என்று இன்று அழைக்கப்படும் அவ்விடம் 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. நட்டவர்களுள் பெரும்பாலோர் போரில் எல்லாம் இழந்த ஏழைகள்.

காட்டைக் கொன்ற களைக்கொல்லிகள் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் மண்ணில் சிதைந்துவிடும். மண்ணில் தங்கியது அவற்றினுள் அழையாமல் வந்த விருந்தாளி. 2,4,5-டி செய்யும்போது உலைவெப்பம் மிகுந்தால் டயாக்சின் வகையைச் சேர்ந்த டி.சி.டி.டி. என்னும் நஞ்சு சிறிதளவு உண்டாகும். மெதுவாகச் செய்தால் குறைவு. அவசரமாகச் செய்தால் மிகுதி. போர் அவசரப்பட்டது. இராணுவம் கேட்ட அளவைக் கொடுக்க ஆலைகள் விரைந்தன. 1949-இல் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்து நைட்ரோ என்னும் ஊரில் இவ்வகை ஆலையொன்றில் விபத்து நேர்ந்து தொழிலாளரின் தோல் கொப்புளங்களால் வெந்தது முன்பே தெரிந்த செய்தி. கொட்டிய ஏழு கோடி லிட்டரில் இந்த நஞ்சு மொத்தம் 366 கிலோ என்று ஸ்டெல்மன் குழுவினர் மதிப்பிட்டனர். ஏழெட்டு மூட்டை அரிசியின் எடைக்கு மேல் இராது. ஒரு நாட்டை அறுபது ஆண்டுகளாக வருத்த அவ்வளவு போதுமானதாக இருந்தது.

இந்நஞ்சு நீரில் கரையாது. மண்ணின் மட்கோடு ஒட்டிக்கொள்ளும். மேல்மண்ணில் வெயில் பட்டால் சில ஆண்டுகளில் சிதையும். ஆழத்தில் புதைந்தால் அது பாதியாவதற்கே இருபத்தைந்து முதல் நூறாண்டுகள் செல்லும். மனித உடலில் பாதி குறைய ஏழு முதல் பதினோராண்டுகள். வட்டிக் கணக்கு அறிந்த நம் வட்டாரத்தார் இதை உடனே புரிந்துகொள்வர். அசல் பாதியாகும், பின் பாதியில் பாதியாகும், ஏடு ஒருபோதும் முழுதும் நேராகாது. மழை மண்ணைக் கரைத்துக் குளத்துக்குக் கொண்டுபோகும். குளத்தின் வண்டலைக் கிளறி உண்ணும் மீனும் வாத்தும் அதைக் கொழுப்பில் சேமிக்கும். மீனை உண்டவள் தன் பாலில் பிள்ளைக்கு ஊட்டுவாள். கோடையில் அதே மண் புழுதியாய் எழும்.

வானிலிருந்து தெளித்த நிலத்தைக் காட்டிலும் கொடியது, விமானத் தளங்களில் சிந்திய நஞ்சு. இதை உலகம் 1990-களில்தான் தெளிவாக உணர்ந்தது. கனடா நாட்டு ஆய்வாளர்கள் வியட்நாமிய அறிஞரோடு சேர்ந்து ஆ லுவோய்ப் பள்ளத்தாக்கில் மண்ணெடுத்துப் பார்த்தபோது, தெளிக்கப்பட்ட மலைச்சரிவில் நஞ்சு பெரிதும் குறைந்திருந்தது. பீப்பாய்களை இறக்கி ஏற்றிய பழைய படைத்தளத்தில் குறையவில்லை. அவ்வழியே தேடியபோது டா நாங், பூ காட், பியென் ஹோவா என்ற மூன்று பெருந்தளங்கள் வெளிப்பட்டன. காலிப் பீப்பாய்களில் எஞ்சிய எண்ணெய், விமானங்களைக் கழுவிய நீர், உடைந்த குழாய்கள் எல்லாம் மண்ணில் இறங்கியிருந்தன. பியென் ஹோவாவில் 1969 திசம்பர் முதல் 1970 மார்ச்சு வரை மட்டும் 25,000 லிட்டருக்குமேல் ஆரஞ்சு சிந்தியதாக அமெரிக்கப் பதிவுகளே கூறுகின்றன.

பியென் ஹோவா சைகோனிலிருந்து முப்பது கிலோமீட்டர். நம் வாசகர்கள் அவ்வூரை அறிந்துகொள்ளத் தனிக் காரணம் உண்டு. 1954-இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கே பெயர்ந்த கத்தோலிக்கர் ஆறு இலட்சத்துக்கு மேல். பங்குக் குருவோடு பங்கே பெயர்ந்தது. சுரூபத்தையும் மணியையும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர்களுள் பல்லாயிரவர் பியென் ஹோவாவின் ஹோ நாய்ப் பகுதியில் குடியேறினர். சாலையோரம் அடுத்தடுத்து ஆலயக் கோபுரங்கள் தெரியும் வட்டாரம் அது. 1965 அக்டோபரில் சுவான் லோக் மறைமாவட்டம் அவர்களுக்காகவே போல் நிறுவப்பட்டது. வியட்நாமில் கத்தோலிக்கர் மிகுந்த மறைமாவட்டம் இன்று அதுவே. அதே ஆண்டு திசம்பர் 7 அன்று உரோமையில் சங்கத் தந்தையர், முழு நகரங்களையும் பரந்த நிலப்பகுதிகளையும் மக்களோடு சேர்த்து வேறுபாடின்றி அழிக்கும் போர்ச்செயல் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று அறிக்கையிட்டனர். அதே ஆண்டில்தான் ஆரஞ்சுப் பீப்பாய்கள் முதன்முதல் வியட்நாமில் இறங்கின. இந்த மூன்றும் ஓராண்டில் நேர்ந்தன என்று எழுதும்போது எழுதுகோல் சற்றே தயங்குகிறது.

பியென் ஹோவா மக்களின் குருதியை ஆராய்ந்து அமெரிக்க மருத்துவர் ஆர்னல்டு ஷெக்டரும் அவர்தம் துணைவரும் 2001-இல் வெளியிட்ட செய்தி இது: சிலருடைய குருதியில் டயாக்சின் இயல்பான அளவைப் போல் நூறு மடங்குக்கும் மேல். அவர்களுள் போர் முடிந்தபின் அவ்வூருக்கு வந்தவர்களும் இருந்தனர். தெளிப்பு நின்றபின் பிறந்த சிறுவர்களும் இருந்தனர். விமானத்தைக் கண்ணால் காணாத பிள்ளைகள். குளத்து மீனைத் தின்றது தவிர அவர்கள் செய்தது ஒன்றுமில்லை.

இந்நஞ்சால் விளையும் நோய்கள் எவை என்பதில் அறிஞருக்குள் வழக்கு உண்டு. டி.சி.டி.டி. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இல் உறுதி செய்தது, அதில் ஐயமில்லை. எலிகளுக்குப் பிறவிக் குறை உண்டாக்குகிறது என்று 1969-இல் வெளியான ஆய்வே 1970 ஏப்ரலில் ஆரஞ்சு நிறுத்தப்படக் காரணமாயிற்று. ஆனால் ஒரு குறிப்பிட்ட குழந்தையின் ஊனத்துக்கு இதுவே காரணம் என்று முறைமன்றத்தில் நிறுவுவது அரிது. நஞ்சு கையொப்பமிட்டுச் செல்வதில்லை. இந்த ஐயத்தின் பயன் யாருக்கு அளிக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு வரலாறு ஒரு கசப்பான விடை வைத்திருக்கிறது.

போரில் பணியாற்றி நோயுற்ற அமெரிக்கப் படைவீரர்கள் தொடுத்த வழக்கில் 1984-ஆம் ஆண்டு வேதிப்பொருள் நிறுவனங்கள் ஏழும் 18 கோடி டாலர் கொடுத்து இணங்கிப் போயின. 1991-இல் அமெரிக்கப் பேரவை தனிச்சட்டம் இயற்றி, வியட்நாமில் பணியாற்றிய வீரனுக்குக் குறிப்பிட்ட நோய் வந்தால் நஞ்சே காரணம் என்று கொள்ள வழி செய்தது. அவன் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நல்ல சட்டம், மனிதத்தன்மையுள்ள சட்டம். 2004-இல் வியட்நாமியர் வழக்குத் தொடுத்தபோது அதே நியூயார்க் நீதிமன்றத்தில் அதே நீதிபதி, ஜாக் வைன்ஸ்டீன், 2005 மார்ச்சு மாதம் தள்ளுபடி செய்தார். களைக்கொல்லி தெளிப்பது அக்காலத்து அனைத்துலகச் சட்டம் விலக்கிய நச்சுப்போர் அன்று என்பது தீர்ப்பு. 2009-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. போரில் செய்தியாளராக இருந்து நஞ்சுக்கு ஆளான டிரான் டோ நா என்னும் பிரெஞ்சு வியட்நாமிய மூதாட்டி பிரான்சில் தொடுத்த வழக்கும் 2021-இலும், மேல்முறையீட்டில் 2024 ஆகஸ்டிலும் தோற்றது. ஒரே பீப்பாயின் நஞ்சு. தெளித்தவனுக்குக் கிடைத்த நம்பிக்கை தெளிக்கப்பட்டவனுக்குக் கிடைக்கவில்லை. சட்ட நுணுக்கம் அறிந்தோர் இதற்குக் காரணங்கள் சொல்வர். அக்காரணங்கள் சரியாகவே இருக்கலாம். நம் மனம் ஒப்பவில்லை.

நகரத்தார் கதையையும் முடித்துவிடுவோம். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. புதிய அரசின் கீழ்த் தனியார் வணிகத்துக்கு இடமில்லாமற் போகவே, எஞ்சியிருந்த தமிழர் பெரும்பாலோர் வெளியேறினர். இந்தியக் குடிகள் இந்தியாவுக்கும் பிரெஞ்சுக் குடிகள் பிரான்சுக்கும். கோயில்கள் நின்றன. கைவிட்டுப் போன கடன்கள் ஏடுகளில் நின்றன. கடனாளியைத் தேடிக் கடல் கடந்த மரபினர், வசூலாகாத பற்றுகளோடு திரும்பினர்.

அந்த நஞ்சு தூரதேசத்துப் பொருள் என்று நாம் ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. டயாக்சின் செய்ய ஆலையும் போரும் வேண்டியதில்லை. குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் கொளுத்தினால் போதும். பி.வி.சி. குழாய்த் துண்டும் மின்கம்பி உறையும் பழைய செருப்பும் கலந்த குவியலைத் தெருமுனையில் எரிக்கும்போது எழும் புகையில் அதே குடும்பத்து நஞ்சுகள் உள்ளன. அவை அருகிலுள்ள புல்லிலும் ஊருணி நீரிலும் படியும்; மேய்ந்த மாட்டின் பாலில் ஏறும். 2001-இல் உருவாகி 2006-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, திறந்தவெளிக் குப்பையெரிப்பையும் டயாக்சின் பிறக்கும் இடங்களுள் ஒன்றாகவே குறிக்கிறது. எருக்குழிக் குப்பையை எரிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊர்களில் இன்னும் உணர்த்தியாகவில்லை. பொங்கலுக்கு முந்திய நாளில் டயரையும் கொளுத்துகிறோம்.

கெட்ட மண்ணை நன்மண்ணாக்க முடியுமா? முடியும், பணம் வேண்டும். டா நாங் விமான நிலையத்தில் 2012 முதல் 2018 வரை அமெரிக்க, வியட்நாமிய அரசுகள் சேர்ந்து அதைச் செய்தன. தோண்டிய மண்ணைப் பெருங்கோட்டை போன்ற காங்கிரீட் அமைப்புக்குள் அடுக்கி, வெப்பக் கம்பிகளைச் செருகி, 335 பாகை செல்சியசுக்குக் குறையாமல் சூடேற்றி நஞ்சைச் சிதைத்தனர். 90,000 கன மீட்டர் மண். செலவு 11 கோடி டாலர் அளவில். அருகே தாமரைக் குளம் என்று பொருள்படும் பெயருடைய நீர்நிலை ஒன்று. மீனும் தாமரைக் கிழங்கும் அங்கிருந்து சந்தைக்குப் போனதுண்டு. அதன் வண்டலையும் வாரி எடுத்து வேகவைத்தார்கள். இவ்வளவும் உதவி என்ற பெயரில் நடந்ததே தவிர, இழப்பீடு என்ற சொல்லை அமெரிக்க அரசு எங்கும் எழுதவில்லை.

பியென் ஹோவாவின் வேலை அதனினும் பெரிது. ஏறத்தாழ 5 இலட்சம் கன மீட்டர் மண். செலவு 40 கோடி டாலரை எட்டும் என்றும் பத்தாண்டுகள் ஆகும் என்றும் மதிப்பிட்டு 2019-இல் தொடங்கினர். 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளைத் திடீரென நிறுத்தியபோது அங்கும் வேலை நின்றது. தோண்டிய குழிகள் திறந்து கிடந்தன, நச்சு மண் சரிவர மூடப்படாமல் கிடந்தது, மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சில வாரங்களுக்குப் பின் பணம் மீண்டும் விடுவிக்கப்பட்டு ஆட்கள் திரும்பினர். அதுவரை தளத்தின் வேலிக்கு வெளியே வாழ்ந்தவர்கள் நாள்தோறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.